பூனை வந்தால் அழுத்தாதே

திரையில் முதலில் குடை வந்தது. தன்ஷிகா பொத்தானை அழுத்தினாள். அடுத்து மாம்பழம், அழுத்தினாள். படகு, அதற்கும் அழுத்தினாள். அவளுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சிந்துஜா, அப்பாடா, பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். மனசுக்குள்தான் சொல்ல முடியும், இந்த அறைக்குள் வந்தபின் தலையாட்டக்கூடக் கூடாது என்பது சட்டம். எந்தப் படம் வந்தாலும் அழுத்தணும், பூனை வந்தா மட்டும் அழுத்தாதே, அவ்வளவுதான் சோதனை. ஒன்பது வயசுப் பெண்ணுக்கு இதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம், இந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்த புதிதில் சிந்துஜாவும் கேட்டாள். கஷ்டம் படத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. கால் மணி நேரத்துக்குப் படம் வந்துகொண்டே இருக்கும், பாட்டு இல்லை, மதிப்பெண் இல்லை, சபாஷ் இல்லை, கண்மூடித் திறப்பதற்குள் படம் மறைந்து திரை கறுப்பாகிவிடும், அந்தக் கறுப்பில் அடுத்தது வரும்வரை சும்மா இருக்க வேண்டும், அப்படிச் சும்மா இருக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் எத்தனை பேர். சைக்கிள் வந்தது, அழுத்தினாள். பூனை வந்தது. தன்ஷிகாவின் தோள் ஒரு துள்ளு துள்ளியது, பொத்தான் டொக்கென்றது, ஐயோ என்று பிள்ளையே சொல்லித் திரும்பிப் பார்த்தாள். சிந்துஜா சுவரைப் பார்த்தாள். "உள்ள போனா நீ ஒரு நாற்காலி, கேட்டியா பிள்ள? நாற்காலி சிரிக்காது, மொறைக்காது, பதில் சொல்லாது" என்று ஜெசிந்தா அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். ஜெசிந்தா அக்கா தூத்துக்குடிக்காரி, இங்கே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள், அடுத்த அறையில் தன்ஷிகாவின் அம்மாவை உட்காரவைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறாள். கவனம் ஓரிடத்தில் நிற்காத ஏ.டி.ஹெச்.டி. பிள்ளைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கு மாணவ உதவியாளர் ஒருவர் தேவை என்று சைக்காலஜித் துறையின் பலகையில் ஒட்டிய நாளில் பத்துப் பதினைந்து பேர் கூடினார்கள், கழிந்து கழிந்து இப்போது சிந்துஜாவும் திலீபன் என்ற ஒருத்தனும்தான் மிச்சம். திலீபன் போன வாரம் தனியாக ஒரு பிள்ளையை உட்காரவைத்து முடித்துக் கொடுத்துவிட்டான். இன்று இவள் முறை. சுத்தமா முடிச்சுக் குடு, ஆள் எடுக்கிற புரொபசர் மேடம்கிட்ட உன் பேரச் சொல்லிடறேன் என்று அக்கா வாக்குக் கொடுத்திருக்கிறாள். இவள் செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான்.

ஒன்றும் செய்யாமல் இருப்பது சிந்துஜாவுக்குப் பிறந்ததிலிருந்து வராத வேலை. கடிகாரம், படகு, படகு, மாம்பழம். மடியில் குறிப்பெழுதும் அட்டை இருந்தது, பிள்ளை எழுந்து ஓடினால், அழுதால், தண்ணீர் கேட்டால் எழுத வேண்டும், இல்லாவிட்டால் எழுத ஒன்றுமில்லை, அட்டையில் வெள்ளைத் தாள் அப்படியே கிடந்தது. ஏசி முனகிக்கொண்டிருந்தது. இங்கே வரும் பிள்ளைகளுக்கு ஏசி சத்தம் தொந்தரவு என்று யாராவது எழுதியிருப்பார்களா, எழுதியிருப்பார்கள், எழுதாத விஷயமே இந்தத் துறையில் கிடையாது, அவள் படித்துவிட்டு மறந்திருப்பாள். காலையில் சாப்பிட்ட சப்பாத்தி நெஞ்சிலேயே நின்றது. குடை. இவள் தொலைத்த குடைகளை வைத்து ஒரு கடை போடலாம் என்பாள் அம்மா, உடுமலையிலிருந்து கோவை வரும் பஸ்ஸில் குடையை விட்டு இறங்குவது பழகிப்போய், கண்டக்டரே கூப்பிட்டுக் கொடுத்த காலமும் உண்டு. அடிக்கடி பொருட்களைத் தொலைப்பது என்று மனநோய்ப் பாடப் புத்தகத்தில் ஏ.டி.ஹெச்.டி. அறிகுறிகளின் வரிசையில் இருந்தது, கையில் எடுத்ததை முடிக்காமல் விடுவது என்று அடுத்ததாகப் போட்டிருந்தது, வாசித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டுக் கேன்டீனுக்குப் போய் ஒரு பஜ்ஜி தின்றாள். வகுப்பில் எல்லாருக்கும் அப்படித்தான், மனநோய்ப் பாடம் நடக்கும்போது ஆளுக்கொரு நோய் வரும், தேர்வு முடிந்ததும் போய்விடும். இவளுக்கு மட்டும் போகவில்லை. டைப்ரைட்டிங் லோயரோடு நின்றது. ஹிந்தி பரீட்சை இரண்டாவதோடு நின்றது. நீச்சல், முகம் நனைவதற்குள் நின்றது. மொட்டை மாடியில் காளான் வளர்க்கிறேன் என்று வைக்கோலும் பையுமாக வாங்கி வைத்தாள், காளான் வந்தது, பறிக்க மறந்துபோய் அழுகி, பக்கத்து வீட்டுக்காரர்கள் பெருச்சாளி செத்துக் கிடக்கிறது என்று தேடினார்கள். பி.காம். சேர்ந்து ஒரு வருஷம் படித்துவிட்டு எனக்கு இது வேண்டாம் என்று சைக்காலஜிக்கு மாறினாள். "எல்லாத்துலயும் கால் வெப்பா, எதுலயும் நிக்க மாட்டா, இதும் ஆறு மாசத்துக்குத்தான் பாரு" என்று, இவள் இந்த ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போவதாகச் சொன்ன அன்று, அப்பா சாப்பிட்டுக்கொண்டே அம்மாவிடம் சொன்னார், திட்டவில்லை, நாளைக்கு மழை வரும் என்கிற மாதிரி சொன்னார். திட்டியிருந்தால் அழுது தீர்த்திருக்கலாம். இந்த வேலை கிடைத்தால் இரண்டு வருஷம் இங்கே ஒரே வேலையைச் செய்யலாம், ஒரே பூனை, ஒரே படகு, ஊர் ஊராக வருகிற பிள்ளைகள், அவர்களைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சலிக்கவே இல்லை, ஜெசிந்தா அக்காவுக்குப் பின்னால் மூலையில் நின்று வேடிக்கை பார்த்த நாட்களில் ஒரு நாளும் மணி பார்த்ததில்லை. அவளுக்கு இது வேண்டும். வாழ்க்கையில் எதையும் இப்படி வேண்டும் என்று நினைத்ததில்லை, அதனால்தான் பயமாக இருந்தது.

சைக்கிள், மாம்பழம், குடை, பூனை. பிள்ளை அழுத்தவில்லை. பரவாயில்லையே. முதலில் தடுமாறியவள் கொஞ்ச நேரமாக நின்று நிதானமாகப் போகிறாள். சிந்துஜாவின் வலது கை ஆள்காட்டி விரல் அட்டையின் மேல் தட்டிக்கொண்டிருந்தது, சத்தம் வராமல், நகம் படாமல், விரலின் சதை மட்டும் பட்டு. படம் வந்தால் ஒரு தட்டு, பூனைக்கு மட்டும் இல்லை. எப்போது ஆரம்பித்தது என்று அவளுக்குத் தெரியாது, தூங்காமலிருக்க அதுவாகக் கண்டுபிடித்த வழி, பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் இப்படித் தட்டித் தட்டி வாங்கிய அடி கொஞ்சநஞ்சமல்ல. படகு, தட்டு. கடிகாரம், தட்டு. அப்பா தன் ரிப்பேர் கடையில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் எனும் கம்பிச்சுருள் கட்டும்போது செம்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணுவார், உதடு மட்டும் அசையும், அந்த நேரத்தில் கடை வாசலில் லாரி மோதினாலும் திரும்ப மாட்டார். சின்ன வயசில் அப்பா, எனக்கு ஐஸ் வேணும் என்று இவள் போய் நிற்க, எண்ணிக்கை விட்டுப்போய், பாதி சுற்றியதை மொத்தமாகப் பிரித்தார், ஒரு வார்த்தை பேசாமல் பிரித்தார், பிரித்து முடித்து மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். அந்தக் கம்பியை அவர் பிரித்த நிதானம் இன்றைக்கும் அவள் வயிற்றில் இருக்கிறது. ஐஸ் வாங்கிக் கொடுத்தாரா, வாங்கிக் கொடுத்தார், சேமியா ஐஸ், அதுதான் இன்னும் மோசம். தட்டு. பொத்தான் டொக்கென்றது. திரையில் போனது பூனை. சிந்துஜா நிமிர்ந்தாள், விரல் பூனைக்குத் தட்டிவிட்டது, நல்லவேளை தட்டியது அட்டையில், அதற்கென்ன கணக்கு. ஆனால் பிள்ளையும் அழுத்திவிட்டாளே, பாவம், அவளுக்கும் அதே பூனையில்தான் சறுக்கியிருக்கிறது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. மாம்பழம், குடை. சேமியா ஐஸ் இப்போது எங்கேயாவது கிடைக்கிறதா. படகு வந்து போனது, ஐஸ் நினைப்பில் இவள் விரல் தூக்கியபடியே நின்றது, பொத்தான் சத்தமும் வரவில்லை. பிள்ளை படகை விட்டுவிட்டாள். படகுக்கு இதுவரை ஒரு தடவைகூட விட்டதில்லை. இரண்டாவது பனம்பழம்.

திரை கறுப்பானபோதுதான் சிந்துஜா அதைப் பார்த்தாள். கறுப்புத் திரையில் அறை தெரிந்தது. தலைக்கு மேலே எரியும் டியூப்லைட் தெரிந்தது, அதன் கீழே வெள்ளைத் தாள் பளிச்சென்று தெரிந்தது, தாளின் மேல் தன் விரல் தெரிந்தது. அந்தக் கறுப்பின் நடுவில் தன்ஷிகாவின் முகம், கண்கள் நேராகப் பார்க்கவில்லை, ஓரமாகக் கீழே, வெள்ளைத் தாள் தெரிகிற மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. கடிகாரம் வந்து மறைந்தது, பிள்ளை காத்திருந்தாள், விரல் தட்டியது, பிள்ளை அழுத்தினாள். குடை வந்து மறைந்தது, காத்திருந்தாள், தட்டியது, அழுத்தினாள். அடி கழுதை என்று சிந்துஜா நினைத்தாள், பிள்ளையையா தன்னையா என்று அவளுக்கே தெரியவில்லை. பரீட்சை எழுதுகிறவள் முன்னால் இருக்கிறாள், விடை பின்னால் இருக்கிறது, பின்னால் இருப்பவளோ ஐஸ் யோசித்துக்கொண்டிருக்கிறாள். அப்படியென்றால் அந்தப் பூனைத் தப்பு பிள்ளையுடையதல்ல, சேமியா ஐஸினுடையது. படகை விட்டதும் தன்ஷிகா அல்ல. இந்த அறையில் தன்ஷிகாவின் பேரில் கம்ப்யூட்டர் குறித்துக்கொண்டிருப்பது உடுமலை மோட்டார் கடைக்காரர் மகளின் மனசு எங்கெங்கே ஓடுகிறது என்பதைத்தான். சிரிப்பு வந்தது, நாற்காலி சிரிக்காது, அடக்கிக்கொண்டாள், அடக்கியதும் பயம் வந்தது. எழுந்துபோய்ச் சொல்லிவிடலாம், அக்கா, தப்பாயிருச்சு, நிறுத்திருங்க. நிறுத்தினால் இந்தப் பிள்ளையை உடனே மறுபடி உட்காரவைக்க முடியாது, பழகிவிட்டால் சோதனை கெட்டுவிடும், மாசக்கணக்கில் தள்ளிப்போகும். அந்த அம்மா திருப்பூரிலிருந்து பனியன் கம்பெனிக்கு லீவு போட்டு வந்திருக்கிறாள், லீவுக்குச் சூப்பர்வைசரிடம் பட்ட பாட்டை வந்ததும் வராததுமாக இவளிடமே சொன்னாள். அதைவிட, உள்ளதைச் சொன்னால் வேலை திலீபனுக்கு. திலீபன் நல்ல பையன், கையைக் காலை அசைக்காமல் உட்காருவான், அவனுக்கு நாற்காலியாக இருப்பதில் ஒரு சிரமமும் இல்லை.

சொல்ல வேண்டாம், விரலை நிறுத்தினால் போதும். இவ்வளவு எளிதான வழி இருக்கும்போது ஏன் பதற வேண்டும். விரலை மடக்கிக் கட்டை விரலுக்குள் வைத்துப் பூட்டினாள். மாம்பழம் வந்து மறைந்தது. தன்ஷிகா காத்திருந்தாள். காத்திருந்ததில் அடுத்த படமே வந்துவிட்டது, சைக்கிளா குடையா, பதறி அழுத்தினாள், பூனை, அழுத்தினாள், ஐயோ, படகு, விட்டுவிட்டாள், பூனை, அழுத்தினாள், கால் இரண்டும் நாற்காலிக் கம்பியை உதைக்க ஆரம்பித்தன, கடிகாரம், இரண்டு தடவை அழுத்தினாள், பூனை, அழுத்தினாள். வந்த பூனை ஒன்றைக்கூட அவளால் விட முடியவில்லை. பூனை என்று வாய் முணுமுணுக்கிறது, முணுமுணுக்கும்போதே கை அழுத்திவிடுகிறது. அவள் திரும்பிப் பார்த்தாள். சிந்துஜா சுவரைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அந்த முகத்தை அவளுக்குத் தெரியும், எட்டாம் வகுப்பில் கணக்கு டீச்சர் தன்னைப் போர்டுக்குக் கூப்பிட்டபோது கையில் சாக்பீஸோடு வகுப்பைத் திரும்பிப் பார்த்த முகம், யாராவது ஒருத்தராவது உதட்டை அசையுங்களேன் என்று. அன்றைக்கு ஒருத்தரும் அசைக்கவில்லை. திமிரு, தெரியாமல் இல்லை, திமிரு என்றாள் டீச்சர். சிந்துஜாவின் விரல் கட்டை விரலிலிருந்து கழன்றது. இதைச் செய்யக் கூடாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தே செய்தாள். குடை. தட்டு. பிள்ளை திரைக்குத் திரும்பிக்கொண்டாள். கால் உதைப்பது நின்றது.

தலைக்கு மேல் போனபின் சாண் என்ன முழம் என்ன. அதன் பிறகு சிந்துஜா செய்ததை எந்தப் புத்தகத்திலும் எந்த அறிகுறியின் கீழும் சேர்க்க முடியாது. அவள் கவனித்தாள். படகு, தட்டு. மாம்பழம், தட்டு. பூனை, நில். அப்பாவும் ஐஸும் வாசலில் நின்றார்கள், உள்ளே வரவில்லை. ஏசி முனகலைக் காணோம், சப்பாத்தியைக் காணோம். சைக்கிள், தட்டு. பூனை, நில், அடுத்ததும் பூனை, நில், மூன்றாவதும் பூனையாக வந்து ஆசை காட்டியது, நில். விரல் மேலே நிற்கும்போது அந்த விரலையே பார்த்தபடி இன்னொரு சின்ன விரலும் பொத்தானுக்கு மேல் நிற்பது அவளுக்குத் தெரிந்தது, கண்ணாலல்ல, எப்படியோ தெரிந்தது. தனக்காக உட்கார்ந்து எழுதிய பரீட்சைகள் எதிலும் இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் மனசு நின்றதில்லை, தனக்கு முடியாது என்று ஊரே சேர்ந்து முடிவு கட்டிய ஒன்று அவளுக்கு முடிந்துகொண்டிருந்தது, அதுவும் தப்பான இடத்தில், தப்பான ஆளுக்காக. சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாத சந்தோஷம், திருட்டு மாங்காய்க்கு உள்ள ருசி. கடிகாரம், தட்டு. பூனை, நில். திடீரென்று திரையில் நன்றி என்று எழுத்து வந்தது, இரண்டு விரல்களும் அப்படியே நின்றன. தன்ஷிகா திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தாள், மேல்வரிசையில் ஒரு பல் விழுந்து முளைக்கிற சிரிப்பு. சிந்துஜாவும் சிரித்தாள். அட்டையில் எழுத ஒன்றுமில்லை.

அடுத்த அறையில் ஜெசிந்தா அக்கா மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே தன்ஷிகாவின் அம்மா பூங்கொடி, ஒல்லியான ஆள், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். "வா சிந்து, நல்லா முடிச்சிருக்க" என்றாள் அக்கா. அந்த ஒரு வாக்கியத்திலேயே வேலை கிடைத்துவிட்டது என்பது சிந்துஜாவுக்கு விளங்கியது. அக்கா அந்த அம்மாவின் பக்கம் திரும்பினாள். "முதல் பாதியில கொஞ்சம் ஆடியிருக்கா, நடுவுல ஒரு இடத்துல ரொம்பவே சிதறியிருக்கு. ஆனா கடைசிப் பகுதியில ஒரு தப்புகூட இல்லம்மா. பதில் கொஞ்சம் மெதுவா வருது, ஆனா சரியா வருது. கவனம் நிக்காத பிள்ளைங்களுக்கு நேரம் போகப் போகத்தான் சறுக்கும், இவளுக்கு நேர்மாறா இருக்கு. இத வெச்சு மட்டும் சொல்லிட முடியாது, இன்னும் ரெண்டு மூணு பாக்கணும். ஆனா இதுல கோளாறு ஒன்னும் தெரியல." பூங்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாந்தான் அப்பவே சொன்னனுங்களே. டீச்சர்தான் கூட்டிட்டுப் போங்க, கூட்டிட்டுப் போங்கன்னு உசுர வாங்குனாங்க. வியாதின்னா மருந்து குடுக்கலாமுங்க, இவளுக்கு வியாதியெல்லாம் இல்லீங்க" என்றவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். கண் துடைத்த கை அப்படியே கீழே வந்தது. "அப்ப முடியாமயெல்லாம் இல்ல. நெனச்சா முடியுது. கடைசில நெனச்ச, முடிஞ்சுது. இத்தன நாளா வேணும்னேதான் பண்ணிட்டிருந்தியாடி? நாலு வீட்டுப்பாடம் எழுத முடியல, மெஷின்ல நின்னுட்டு வந்து உங்கிட்ட ராத்திரி தொண்டத் தண்ணி வத்தக் கத்தறனே, எருமை மாட்டு மேல மழ பேஞ்ச மாதிரி நிப்பியே, எல்லாம் கொழுப்பு. வா, வூட்டுக்கு வா, உனக்கு இருக்குது." அடிக்கவில்லை. அடிக்கப் போகிறவள் பேசுகிற அமைதியில் பேசினாள். தன்ஷிகா தன் செருப்பைப் பார்த்தாள்.

சிந்துஜா இப்போது ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும். நாற்காலியாக இருந்தால் போதும். இரண்டு மூன்று சோதனை பாக்கி இருக்கிறது, அதில் எப்படியும் தெரிந்துவிடும், அக்கா கெட்டிக்காரி, கண்டுபிடித்துவிடுவாள், அதுவரை, அதுவரை இந்தப் பிள்ளை திருப்பூரில் வாங்கப் போகும் அடி சிந்துஜா போட்ட மதிப்பெண்ணுக்கு. உதவி என்று நினைத்துத் தட்டிய ஒவ்வொரு தட்டும் உனக்கு முடியும், உனக்கு முடியும், நீ திமிர் பிடித்தவள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. திமிரு என்ற சொல்லை இத்தனை வருஷம் அவள் சுமந்தாள், அதையே இன்று தன் கையால் ஒன்பது வயசுப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டாள். "அக்கா" என்றாள். ஜெசிந்தா அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, கடைசிப் பகுதி இவ பண்ணலைங்க. நான் பண்ணுனது." ஜெசிந்தா அக்காவுக்குப் புரியவில்லை. சிந்துஜா சொன்னாள், கறுப்புத் திரை, டியூப்லைட், வெள்ளைத் தாள், விரல், எல்லாம் முன்னும் பின்னுமாகச் சொன்னாள், நடுவில் விரலை நிறுத்தியபோது பிள்ளை சிதறியதுதான் இவளுடைய உண்மையான கணக்கு, மற்றதெல்லாம் என்னுடையது என்றாள். அக்கா மடிக்கணினியை மெல்ல மூடினாள். "எப்பத் தெரிஞ்சுது உனக்கு?" "நடுவுலக்கா." "தெரிஞ்ச பிறகும் தட்டுனியா?" "ஆமாங்க்கா." "ஏன் பிள்ள?" சிந்துஜாவிடம் அதற்குப் பதில் இருந்தது, கணக்கு டீச்சர், சாக்பீஸ், ஆனால் இந்த அறையில் அதை எப்படிச் சொல்வது. "திரும்பிப் பாத்தாங்க்கா" என்று மட்டும் சொன்னாள். பூங்கொடி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "காப்பி அடிச்சாளா? இங்கயுமா?" என்று கையை ஓங்கினாள். ஜெசிந்தா அக்கா எழுந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, உக்காருங்க. தப்பு எங்களது. திரையில ஆள் தெரியும்னு நாங்க பாத்திருக்கணும். பிள்ளைய ஒன்னும் சொல்லாதீங்க, உங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன்." பிறகு சிந்துஜாவைப் பார்க்காமலே சொன்னாள். "நீ பிள்ளையக் கூட்டிட்டு வெளிய இரு. மேடம்கிட்ட நான் பேசிக்கிடுதேன்." கோபமாகச் சொல்லியிருந்தாலும் ஏதோ நம்பிக்கை இருந்திருக்கும். சாதாரணமாகச் சொன்னாள், அதிலேயே தெரிந்தது, திலீபனுக்கு வேலை கிடைத்துவிட்டது.

வெளியே நடையில் சுவரை ஒட்டி நாற்காலிகள் கிடந்தன. சிந்துஜா ஒன்றில் உட்கார்ந்தாள். தன்ஷிகா பக்கத்தில் உட்காராமல் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். எதிரே யாரோ மாணவர்கள் சிரித்துக்கொண்டு படியிறங்கினார்கள். வீட்டில் என்ன சொல்வது என்று நினைப்பு ஓட ஆரம்பித்தது, ஆறு மாசம்கூட இல்லை, மூன்றே மாசம், அப்பா மழை வந்துவிட்டது என்கிற மாதிரி தலையை ஆட்டுவார், பஸ்ஸுக்கு இப்போதே கிளம்பினால், ஹாஸ்டல் சாவி எங்கே, பையிலா, அட்டையோடு உள்ளேயே வைத்துவிட்டாளா. பக்கத்தில் குரல் கேட்டதும் எல்லாம் நின்றது. "நீங்க சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள் தன்ஷிகா. நீ அடி வாங்கக் கூடாது என்றுதான் சொன்னேன் என்று சிந்துஜா விளக்கலாம், விளக்கினால் எந்த ஒன்பது வயசுக்கு விளங்கும், அவளைப் பொறுத்தவரை இரண்டு பேர் சேர்ந்து ஒன்று செய்தார்கள், ஒருத்தி காட்டிக்கொடுத்துவிட்டாள். "தப்புதான்" என்றாள். எது தப்பு என்று சொல்லவில்லை. தன்ஷிகா காலை ஆட்டினாள். பிறகு யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள். "எனக்குப் பூனைன்னு தெரியுதுங்க்கா. பூனை, அழுத்தாதன்னு உள்ள சொல்லுது. சொல்லறதுக்குள்ள கை போயிருது. போனதுக்கப்புறம் ஐயோன்னு இருக்கும். வீட்டுலயும் அப்படித்தான். எழுதணும்னுதான் உக்காருவேன். உங்க கையப் பாத்தா என் கை நின்னுச்சு. அதான் பாத்தேன்." சிந்துஜா அவளையே பார்த்தாள். ஜெசிந்தா அக்கா இவ்வளவு நேரம் கேள்வி கேட்டது அம்மாவிடம், டீச்சர் எழுதி அனுப்பியது டீச்சருக்குத் தெரிந்தது, சிந்துஜா பக்கத்திலேயே இருந்தும் பேச அவளுக்கு அனுமதி இல்லை. "இத அந்த அக்காகிட்ட சொன்னியா கண்ணு?" "இல்லீங்க்கா." "உங்க அம்மாகிட்ட?" தன்ஷிகா இல்லையென்று தலையை ஆட்டினாள். "யாருமே கேக்கலயே."

கதவு சாத்தியிருந்தது. உள்ளே பூங்கொடியின் குரல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே இரு என்று சொல்லி அனுப்பிய பெண் மறுபடி போய் நின்றால் அக்காவுக்கு என்ன தோன்றும் என்று சிந்துஜா யோசித்தாள், யோசனை வழக்கம்போல நாலு பக்கமும் ஓடப் பார்த்தது. அவள் எழுந்து கையை நீட்டினாள். தன்ஷிகா அந்தக் கையைப் பார்த்தாள், பிடிக்கலாமா என்று கொஞ்சம் தயங்கினாள், பிறகு பிடித்துக்கொண்டாள். "இப்ப எங்கிட்ட சொன்னத அப்படியே சொல்லு. ஐயோன்னு இருக்கும்னு சொன்ன பாரு, அதையும் சொல்லு" என்றாள் சிந்துஜா. "அம்மா கத்துவாங்க." "கத்தட்டும், நான் பக்கத்துலதான் நிப்பேன்." கதவைத் தட்டினாள். உள்ளே பேச்சு நிற்கவில்லை. இன்னும் பலமாகத் தட்டினாள்.